வெனிஸ்காரி தொனாத்தா

வெனிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கியோஜ்ஜாவில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் போஸ்கோலோ. மீதிப் பேருக்குத் தியோட்ஸோ. ஒரே தெருவில் ஏழெட்டு மரியா போஸ்கோலோக்கள் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அதனால் குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு பட்டப்பெயர் உண்டு. உப்பு, மூக்கு, வாளி, ஈரக்கட்டை என்று எதுவாகவும் இருக்கும். ஓட்டுநர் உரிமத்தில்கூட அந்தப் பெயர் அச்சாகி வரும், யாரும் வெட்கப்படுவதில்லை.

தொனாத்தா போஸ்கோலோவும் இல்லை, தியோட்ஸோவும் இல்லை. இத்தாலியின் தெற்கே பசிலிக்காத்தா மலைகளில் லத்ரோனிக்கோ என்ற ஊர்க்காரி. அவளுக்குப் பட்டப்பெயரே தேவைப்பட்டிருக்காது. இருந்தும் ஊர் அவளுக்கு ஒன்று வைத்தது. வெனிஸ்காரி. வெனிஸ் என்றாலே முகத்தைச் சுளிக்கும் ஊரில் அப்படியொரு பெயரோடு முப்பது வருஷத்துக்கு மேல் ரொட்டி விற்றிருக்கிறாள்.

அவள் எஜிதியோவைக் கல்யாணம் செய்துகொண்டது எண்பத்தேழாம் வருஷம், நவம்பரில். நவம்பரில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் மண்டபம் மலிவாகக் கிடைத்தது. எஜிதியோ ரோடு போடும் காண்ட்ராக்டரிடம் ரோலர் ஓட்டினான். ஒல்லி, நல்ல உயரம், பொய் சொல்லும்போது மட்டும் காது சிவக்கும். நிச்சயதார்த்தத்தன்று ஒயின் உள்ளே போனதில், தேன்நிலவுக்கு வெனிஸ் கூட்டிப்போகிறேன் என்று தொனாத்தாவின் அப்பா, சித்தப்பாக்கள், பாதிரியார் எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டான். ஒயின் இறங்கிய பிறகு விசாரித்தால், வெனிஸில் ஒரு ராத்திரி தங்கக் கேட்ட காசில் லத்ரோனிக்கோவில் ஒரு கழுதையை வாங்கிவிடலாம்.

அவனுடைய அக்கா புருஷன் பட்டாளத்தில் இருந்தபோது வடக்கே வேலை பார்த்தவர். அவர்தான் வழி சொன்னார். காயலுக்கு இந்தக் கோடியில் கியோஜ்ஜா என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கேயும் கால்வாய், அங்கேயும் பாலம், அங்கேயும் பழைய வீடு, வாடகை கால்வாசி; பனிமூட்டத்தில் எது எந்த ஊர் என்று அந்த ஊர்க்காரனுக்கே தெரியாது என்றார். வேண்டுமானால் ஒருநாள் படகில் வெனிஸ் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்றும் சொன்னார். எஜிதியோ அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் காதில் வாங்கவில்லை.

ரயில் மாறி ரயில் மாறி, ரோவிகோவில் இரண்டு பெட்டி மட்டுமே இருந்த ஒரு வண்டியில் ஏறி, மறுநாள் மத்தியானம் வந்து இறங்கினார்கள். பிளாட்பாரத்தில் இறங்கியதுமே எஜிதியோ பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஒரு மாதிரி பக்கவாட்டில் நடந்தான். ஊர்ப்பெயர் எழுதிய பலகையை மறைப்பதற்காக. பலகை பிளாட்பாரத்தின் இரண்டு கோடியிலும் இருந்தது. பெட்டி ஒன்றுதான்.

வெனிஸ் ஸ்டேஷன் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று தொனாத்தா கேட்டாள்.

"பெரிய ஸ்டேஷன்ல ரிப்பேர் வேலை நடக்குது. இது பின்பக்கத்து ஸ்டேஷன்," என்றான். காது தக்காளி மாதிரி இருந்தது.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. புருஷன் எவ்வளவு தூரம் பொய் சொல்லக்கூடியவன் என்பதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது என்று நினைத்தாள். தவிர, அப்போது அவளுக்குப் பசி.

அறை வேனா கால்வாயை ஒட்டிய ஒரு வீட்டின் மாடியில். வீட்டுக்காரி அமாபிலே, மீனவர் விதவை, போஸ்கோலோதான். தொனாத்தா உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தபோது எஜிதியோ அமாபிலேயை மாடிப்படியில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னான். மூன்று நாளைக்கு இந்த ஊர்ப் பெயரை அவள் முன்னால் எடுக்க வேண்டாம் என்று கெஞ்சினான். சுவர் மெல்லியது. அமாபிலே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை என்று சொன்னது தொனாத்தாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

அமாபிலே வாக்குத் தவறாதவள். அவள் தன் தங்கையிடம் மட்டும்தான் சொன்னாள். தங்கை நொரீனா மீன் மார்க்கெட்டில் கணவாயும் மத்தியும் விற்பவள்.

மறுநாள் காலை பனி இறங்கி ஊரையே மூடியிருந்தது. எதிர்க்கரை வீடுகள் கழுத்துவரைதான் தெரிந்தன. எஜிதியோவுக்கு ஏக சந்தோஷம். வேனா கால்வாயைக் காட்டி இதுதான் பெரிய கால்வாய் என்றான். அது முடியும் இடத்தில் இருக்கும் வெள்ளைக்கல் பாலத்தின் மேல் ஏற்றி, இதுதான் ரியால்தோ என்றான். ரியால்தோவில் இரண்டு பக்கமும் நகைக்கடை இருக்கும் என்று பாதிரியார் சொன்னாரே என்றாள் தொனாத்தா. குளிர்காலத்தில் எடுத்துவிடுவார்கள் என்றான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், படகுத் துறையை ஒட்டிய சதுக்கத்தில் ஒரு தூண். தூணின் மேல் இறக்கை வைத்த சிங்கம். வெனிஸுக்கு அடங்கியிருந்த காலத்தில் ஊருக்கு ஊர் வைத்த சிங்கம்தான், ஆனால் எங்கள் ஊருக்கு வந்தது கொஞ்சம் சின்னது. அதைப் பார்த்து வெனிஸ்காரர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். அந்த வார்த்தையால் இங்கே பல்லுடைந்தவர்கள் உண்டு.

தொனாத்தா அண்ணாந்து பார்த்தாள். "என்ன இது, பூனை மாதிரி இருக்கு," என்றாள்.

கீழே துறையில் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஊசியை நிறுத்தினார். தியோட்ஸோ குடும்பம், பட்டப்பெயர் வாளி. எஜிதியோ அவசரமாக, வெனிஸ் சிங்கம் என்றால் உலகம் முழுக்க இப்படித்தான் என்று விளக்கத் தொடங்கினான். தன் ஊரை வெனிஸ் என்றும் தன் சிங்கத்தைப் பூனை என்றும் ஒரே மூச்சில் கேட்க நேர்ந்தது வாளிப் பெரியவருக்கு அதுவே முதல் தடவை. எழுந்து வந்தார்.

"தம்பி, உன் விஷயத்துல நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு நொரீனா காலையிலயே சொல்லிட்டா. அதனால நான் ஒண்ணும் சொல்லல," என்றார். "ஆனா அது சிங்கம்."

திரும்பிப் போய் உட்கார்ந்து வலையை எடுத்துக்கொண்டார்.

எஜிதியோ பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். அவள் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் பேசியது புரியவில்லை, இங்கே எல்லாரும் பாட்டுப் பாடுகிற மாதிரி பேசுகிறார்களே என்றாள். அவன் மூச்சு விட்டான்.

அங்கிருந்து அவளே அவனை மீன் மார்க்கெட்டுக்கு இழுத்துப்போனாள். சிவப்புத் திரைகளுக்குக் கீழே கல்மேடைகளில் மீன் பரப்பியிருந்தது. நேராக நொரீனாவின் மேடைக்குப் போய், மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி, "அக்கா, இங்க சான் மார்க்கோ சதுக்கத்துக்கு எப்படிப் போறது?" என்று கேட்டாள்.

சான் மார்க்கோ இருப்பது வெனிஸில். கணவாய் சுத்தம் செய்துகொண்டிருந்த நொரீனா கையைத் துடைத்துக்கொண்டு, இப்படியே நேராகப் போய் விலாங்கு விற்கிறவளைக் கேள் என்றாள். விலாங்கு விற்கிறவள் மட்டி விற்கிறவனைக் காட்டினாள். மட்டி விற்கிறவன் சொன்னபடி திரும்பி நடந்ததில் மறுபடியும் நொரீனாவின் முன்னால் வந்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் மீன்காரிகள் கோயிலில்கூட அவ்வளவு கட்டுப்பாடாக இருந்ததில்லை.

"அடடா, மறந்தே போச்சு கண்ணு," என்றாள் நொரீனா. "சான் மார்க்கோ இன்னிக்கு லீவு."

எஜிதியோவின் காதைப் பார்த்து ஒருத்தி தன் பக்கத்து மேடைக்காரியிடம், வெந்த நண்டு என்று மெல்லச் சொன்னாள்.

பசித்தபோது ஒரு ரொட்டிக்கடை கண்ணில் பட்டது. வாசலில் வரிசை நின்றது, நகரவில்லை. கடைக்காரர் ஒலிந்தோ, போஸ்கோலோ உப்பு, உள்ளே அடுப்புக்கும் வெளியே கல்லாவுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காகத் தூரினுக்குப் போயிருந்தாள். பின்பக்கம் மேஜையில் மாவு பொங்கித் தொட்டியைவிட்டு வழிந்துகொண்டிருந்ததை வரிசையில் நின்ற எல்லாருமே பார்த்தார்கள். தொனாத்தாவால் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பதினாலு வயதிலிருந்து ஊரில் மாமா பேக்கரியில் மாவு பிசைந்தவள். கோட்டைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கையைக் கழுவினாள். ஒலிந்தோ யார் நீ என்று கேட்கவில்லை. வளைய ரொட்டிக்கு மாவை எவ்வளவு தடிமனாக உருட்ட வேண்டும் என்று ஒன்றை உருட்டிக் காட்டிவிட்டு ஓடினார். அது கப்பலுக்குக் கொண்டுபோகும் ரொட்டி, கல் மாதிரி காய்ந்து மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். அவள் முதலில் உருட்டியவை கோணலாக வந்தன. ஒலிந்தோ அவற்றையும் சுட்டு விற்றார்.

எஜிதியோ வெளியே பனியில் அவள் கோட்டோடு நின்றான். ரொம்ப நேரம் நின்றான். வரிசை கரைந்து போனது. எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெண் அவனைக் கூப்பிட்டு, உன் வெனிஸ் எப்படியிருக்கிறது என்று கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

தொனாத்தா கையில் சூடான இரண்டு ரொட்டியோடு வெளியே வந்தபோது அவன் கோட்டை அவளுக்குப் போர்த்திவிட்டுச் சொன்னான்.

"தொனா, இது வெனிஸ் இல்ல."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"இறங்கினதுலேருந்து. போர்டுல போட்டிருந்துச்சே."

"நாந்தான் பெட்டியத் தூக்கிப் புடிச்சிருந்தேனே."

"பெட்டி சின்னது," என்றாள். ரொட்டியில் ஒன்றை அவனிடம் கொடுத்தாள். இப்போதுதான் சிரிக்கலாம் என்று நினைத்திருந்தாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு. ஆனால் அவன் ரொட்டியைக் கடிக்கவில்லை. காது இன்னும் சிவந்தே இருந்தது.

"வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

அவன் கால்வாயைப் பார்த்தான். "வேலை போயிடுச்சு. காண்ட்ராக்டர் கடையக் கட்டிட்டுப் போயிட்டாரு."

"எப்போ? கல்யாணத்துக்கு அப்புறமா?"

"முன்னாடி," என்றான். "சொன்னா நீ மாட்டேன்னுடுவியோன்னு..."

அவள் தன் ரொட்டியையும் அவன் கையில் வைத்துவிட்டு நடந்தாள். அவன் பின்னால் வந்தான். திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், நின்றுவிட்டான்.

ஊரை மாற்றிச் சொன்னது விளையாட்டு. அதை வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரிக்கலாம், தங்கச்சிகளுக்கு எழுதலாம். இது அப்படியில்லை. மாதாகோயிலில் மோதிரம் மாற்றும்போதும், சித்தப்பாக்கள் எல்லாருடைய கையையும் பிடித்துக் குலுக்கும்போதும், ரயிலில் அவள் தோளில் சாய்ந்து தூங்கும்போதும் இவன் இதை உள்ளே வைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவளிடம் சொன்னால் ஓடிவிடுவாள் என்று நினைத்திருக்கிறான். அவளை அவ்வளவுதான் தெரிந்து வைத்திருக்கிறான். அதுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

வெள்ளைப் பாலத்தைத் தாண்டிப் படகுத் துறைக்குப் போனாள். அங்கிருந்து படகு ஏறினால் தீவு தீவாகத் தாண்டி நிஜ வெனிஸுக்குப் போய்விடலாம் என்று அமாபிலேயின் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையில் பார்த்திருந்தாள். தனியாகவே போய்ப் பார்த்துவிட்டு அப்படியே ரயிலேறி ஊருக்குப் போய்விடுவது என்பது திட்டம். டிக்கெட் கூண்டு மூடியிருந்தது. பனிக்காகப் படகு நிறுத்தமா, வேலைநிறுத்தமா என்று எழுதிப்போடக்கூட ஆளில்லை. தகரக் கொட்டகையில் பெஞ்சில் உட்கார்ந்தாள். வாளிப் பெரியவர் குளிருக்குப் பயந்து வலையை உள்ளே கொண்டுவந்து தைத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்குப் படகு வராது என்று அவர் அவளைப் பார்க்காமலேயே சொன்னார். வெனிஸ் அவ்வளவு அழகா என்று கேட்டாள்.

"ஒரே ஒரு தடவ போயிருக்கேன்," என்றார். "பல்லு புடுங்க."

"எப்படி இருந்துச்சு?"

"வலிச்சுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் சிரித்தாள், அப்படியே அழுதாள். பெரியவர், இந்த நுனியைக் கொஞ்சம் இழுத்துப் பிடி என்று வலையின் ஓரத்தை அவள் கையில் கொடுத்தார். பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் விறைத்தது. ஊருக்குப் போனால் என்ன நடக்கும் என்று யோசித்தாள். மாமா பேக்கரியில் அவள் இடத்தில் இப்போது தங்கச்சி இருக்கிறாள். எஜிதியோ காலையில் மது அருந்தகத்து வாசலில் போய் நிற்பான், வேலையில்லாத மற்றவர்களோடு. சித்தப்பாக்கள் ஒவ்வொருவராக வந்து அறிவுரை சொல்வார்கள். சித்தப்பாக்கள் ஐந்து பேர்.

வலை தைத்து முடிந்ததும் எழுந்து நேராக ஒலிந்தோவின் கடைக்குப் போனாள். உங்கள் மனைவி எப்போது திரும்பி வருவார் என்று கேட்டாள். குழந்தை பிறந்த பிறகு என்றார். எப்போது பிறக்கும் என்றாள். அது குழந்தைக்குத்தான் தெரியும் என்றார் ஒலிந்தோ. அதுவரை காலையில் வந்தால் என்ன தருவீர்கள் என்று கேட்டாள். சொன்னார். கொஞ்சம் ஏற்றிக் கேட்டாள். அவர் மாவுக் கையோடு தலையைச் சொறிந்துகொண்டே சரி என்றார்.

எஜிதியோ விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். இரண்டு ரொட்டியும் ஆறிப்போய்க் கையில் இருந்தன.

"எனக்கு வேலை பாத்துட்டேன்," என்றாள். "இனி உனக்குப் பாக்கணும். நீ எங்கிட்ட மறைச்சத நான் இன்னிக்கு மன்னிக்கப் போறதில்ல. நாளைக்கும் இல்ல. எப்போன்னு கேக்காத."

எப்போது மன்னித்தாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவளுக்கே சரியாகத் தெரியாது என்றுதான் சொல்கிறாள். மறு வருஷக் கோடையில் ஒருநாள் அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, கோபம் இல்லாததைக் கவனித்தாளாம்.

ஒலிந்தோவின் மனைவி கிறிஸ்துமஸ் கழித்துத் திரும்பினாள். கல்லாவில் ஒரு தெற்கத்திப் பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இவள் எப்போது போகிறாள் என்று கேட்டாள். ரொட்டி உருட்டுவதை அவள் தூரினில் இருந்தபடியே வெறுத்துவிட்டிருந்ததால், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு பெண்களும் ஒரே கடையில் இருபது வருஷம் இருந்தார்கள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

எஜிதியோவை வாளிப் பெரியவரின் மருமகன் மட்டிப் படகில் சேர்த்துக்கொண்டான். முதல்நாள் படகு கயிறு அவிழ்ப்பதற்கு முன்பே அவன் வாந்தி எடுத்தான். ஒரு மாதம் பார்த்தார்கள். பிறகு ஐஸ் ஆலையில் லாரி ஓட்டப் போனான். ரோலர் ஓட்டின பழக்கத்தில் லாரியையும் அதே வேகத்தில்தான் ஓட்டினான். அவனுடைய ஐஸ் வந்து சேருமுன் பாதி உருகிவிடும் என்று மார்க்கெட்டில் சொல்வார்கள், ஆனால் அவன் ஒருநாளும் எதையும் இடித்ததில்லை. அவனுக்குத் தனியாகப் பட்டப்பெயர் கிடைக்கவில்லை. வெனிஸ்காரி புருஷன், அவ்வளவுதான்.

நிஜ வெனிஸுக்குத் தொனாத்தா பல தடவை போயிருக்கிறாள். ஜில்லா ஆபீஸ் எல்லாம் அங்கேதான். பேருந்தில் போவாள், வரிசையில் நிற்பாள், முத்திரை வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்தில் திரும்புவாள். சான் மார்க்கோவை ஒருமுறை பார்த்ததாகச் சொல்கிறாள். மழைக்கு ஒதுங்க நல்ல இடமாம்.

ஊருக்கு என்ன எழுதுவது என்பதில் சிக்கல் எதுவும் இல்லை. முகவரியில் கியோஜ்ஜா என்று எழுதி அடைப்புக்குறிக்குள் வெனிஸ் ஜில்லா என்று போட வேண்டும். லத்ரோனிக்கோவில் அடைப்புக்குறிக்குள் இருந்ததை மட்டும் படித்தார்கள், அல்லது அப்படி அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வருஷம் அவள் அப்பா வித்தாலே, சாக்கில் இரண்டு பாலாடைக்கட்டி உருண்டைகளோடு மகளைப் பார்க்க வந்தார். பிளாட்பாரத்திலேயே சொல்லிவிடுவது என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

"அப்பா, இது வெனிஸ் இல்ல," என்றாள்.

"தெரியும்மா. உன் நாத்தனார் புருஷன் கல்யாணச் சாப்பாட்டுலயே எல்லாருக்கும் சொல்லிட்டானே," என்றார் வித்தாலே. சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டார். "மாப்பிள்ளைக்கு வேலை போனதும் தெரியும். அதான் கல்யாணத்தத் தள்ளிப்போடலாமான்னு உங்கிட்டக் கேட்டேன். நீதான் மண்டபம் மலிவாக் கிடைக்குதுன்னுட்ட."

கேட்டது அவளுக்கு நினைவிருந்தது. ஏன் கேட்கிறார் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய கோபம் முழுசாக அவள் தலைக்கு ஏறியது, இந்தத் தடவை அப்பா மேல். வீடுவரை பேசவில்லை. எஜிதியோ வாசலில் மாமனாரைப் பார்த்துக் கைகொடுத்தபோது, பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் என்ன செய்தோம் என்று யோசிக்கத் தொடங்கினான். நீ ஒன்றும் செய்யவில்லை, உள்ளே போ என்றாள். அவனுக்கு அது புது அனுபவம்.

அப்பா தங்கியிருந்த நாள்களில் அவருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்தாள், அவர் சட்டையைத் துவைத்தாள், பேசியது மட்டும் இல்லை. வித்தாலே அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவர் மீன் ஏலத்தைக் கண்டுபிடித்திருந்தார். விடியற்காலையில் எழுந்து போய், வியாபாரிகள் ஏலக்காரரின் காதில் விலையைக் கிசுகிசுப்பதைக் கைகட்டி நின்று பார்ப்பார். ஆடு மாடு விற்றுப் பழகியவருக்கு, விலையை ரகசியமாகச் சொல்வது அநியாயமாகப் பட்டது. கடைசிநாள் குறுக்கே புகுந்து சத்தமாக ஒரு விலையைச் சொல்லிவிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கௌரவத்துக்காக வாங்கித்தான் ஆகவேண்டியிருந்தது.

வாங்கியது கை தடிமனில் ஓர் உயிர் விலாங்கு. அதை நனைத்த சாக்கில் கட்டி, பாலாடைக்கட்டி வந்த அதே வழியில் ஊருக்குக் கொண்டுபோனார். நேப்பிள்ஸ் வரை சாக்குக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனதாகக் கேள்வி. தொனாத்தா ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்பினாள். ரயில் கிளம்பும்போது, சாக்கை நிழலில் வைக்கும்படி சொன்னாள். அவர் வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு அப்பாவோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

லத்ரோனிக்கோவில் அந்த விலாங்கைச் சமைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. பாம்பு என்று அம்மா வீட்டுக்குள் விடவில்லை. வித்தாலே அதைக் கோவேறுகழுதை தண்ணீர் குடிக்கும் தொட்டியில் விட்டார். கழுதை வேறு தொட்டிக்கு மாறிக்கொண்டது. ஈஸ்டர்வரை விலாங்கு தொட்டியில் உயிரோடு நன்றாக இருந்தது என்று அம்மா போனில் சொன்னாள்.